பீல்செபூஃபோ: ஒரே அளவுகோலில் மூன்று கணக்குகள்

பீல்செபூஃபோ அம்பிங்கா என்ற தொல்தவளையைப் பற்றி இணையத்தில் தேடினால் மூன்று செய்திகள் திரும்பத் திரும்ப வரும். 40 செ.மீ.க்கு மேல் வளர்ந்த ராட்சதத் தவளை, ஓநாய்க்கு ஈடாகக் கடித்தது, டைனோசர் குஞ்சுகளை விழுங்கியது. முதல் செய்தியை அதைச் சொன்ன ஆய்வாளர்களே 2014இல் திருத்திவிட்டார்கள். இரண்டாவது, ஒரு வளைகோட்டை அளந்த எல்லைக்கு அப்பால் நீட்டிப் பெற்ற எண். மூன்றாவதற்கு நேரடிச் சான்று ஒன்றுகூட இல்லை.

ஆனாலும் தவளைப் புதைபடிவங்களில் இவ்வளவு பயனுள்ள நிகழ்வு வேறு இல்லை என்று சொல்லலாம். உடலளவு, கடிவிசை, உறவுமுறை ஆகிய மூன்று கணக்குகளுக்கும் ஆய்வாளர்கள் கையிலெடுத்த அளவுகோல் ஒன்றுதான்: தென் அமெரிக்காவில் இன்றும் வாழும் கொம்புத் தவளை, அதாவது செரட்டோஃப்ரிஸ் பேரினம். அந்த ஒப்பீடு சரியென்றால் மூன்றும் நிற்கும். அது சறுக்கினால் மூன்றும் சேர்ந்தே சறுக்கும், ஆனால் ஒரே அளவுக்கு அல்ல. எது எவ்வளவு சறுக்கும் என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

களம்

மடகாஸ்கரின் வடமேற்கில் மஹஜங்கா துறைமுகத்திலிருந்து தலைநகர் அண்டனானரிவோ செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி பெரிவோட்ரா என்ற சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் புல் மூடிய குன்றுகள், அவற்றை அரித்து இறங்கும் ஓடைச் சரிவுகள். அந்தச் சரிவுகளில்தான் மேவரானோ படிவம் என்ற பாறை அடுக்குத்தொகுதி வெளியே தெரிகிறது. வயது கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டம், 7.2 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த மாஸ்ட்ரிக்டியன்.

1993இல் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கிரவுஸ், அண்டனானரிவோ பல்கலைக்கழகத்தோடு இணைந்து இங்கே அகழ்வைத் தொடங்கினார். மஜுங்கசாரஸ், ராப்பெட்டோசாரஸ், மாசியாகசாரஸ் போன்ற டைனோசர்கள், தாவரம் தின்ற சிமோசூகஸ் என்ற மொண்ணைமூக்கு முதலை, பறவைக்கு நெருங்கிய ராஹோனாவிஸ் எல்லாம் இந்தப் படிவத்துக்குச் சொந்தம். அந்தக் கூட்டத்தில் தவளை எலும்பும் கிடந்தது. 1998இல் ராபர்ட் ஆஷரும் கிரவுஸும் அதைக் குறுங்கட்டுரையாகப் பதிவு செய்தார்கள். அப்போது பெயர் வைக்கவில்லை. கையிலிருந்த துண்டுகள் பெயர் வைக்குமளவுக்குப் போதவில்லை. இந்தப் பொறுமையைக் கவனிக்க வேண்டும். இரண்டு துண்டு தாடையை வைத்துக்கொண்டு புதுப் பேரினம் அறிவித்துவிட்டுப் பிறகு அவதிப்பட்ட கதைகள் தவளை ஆய்வில் நிறைய உண்டு.

மடகாஸ்கரில் இதற்கும் மிகப் பழைய ‘தவளை’ ஒன்று உண்டே என்று கேட்பவர்கள் டிரையடோபட்ராகஸை நினைக்கிறார்கள். அது டிரையாசிக் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தது, 1936இல் விவரிக்கப்பட்டது. தவளைகளின் மூதாதைக் கிளையில் வைக்கத்தக்க விலங்கு அது. குட்டை வால் இருந்தது, முதுகெலும்புத் தொடரும் நீளம். இன்றைய பொருளில் தவளை என்று எடுத்துக்கொண்டால், அண்மைக் காலத்துக்கு முந்தையதாக மடகாஸ்கரிலிருந்து பெயரிடப்பட்ட முதல் தவளை பீல்செபூஃபோதான்.

மேவரானோவின் எலும்புகள் எப்படிப் புதைந்தன என்பது பின்னால் வரும் எல்லாக் கணக்கையும் பாதிக்கிறது. அன்றைய தட்பவெப்பம் வறட்சியும் மழையும் மாறி மாறி வந்த ஒன்று. சிவந்த தொல்மண் அடுக்குகள் அதைக் காட்டுகின்றன. கோடையில் நீர்நிலைகளைச் சுற்றி விலங்குகள் செத்துக் குவிந்தன. பிறகு மழை பெய்தபோது களியும் மணலும் கலந்த சேற்றுக்குழம்பு ஆற்றுப்படுகை வழியே இறங்கி அவற்றை மூடியது. அப்படி மூடும்போது, தசை ஒட்டியிருந்த உடல்கள் இணைந்தபடியே புதையும். ஏற்கெனவே உலர்ந்து கழன்ற எலும்புகள் பல விலங்குகளுடையவையாகக் கலந்து புதையும். முழு எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் சில்லுகளும் கிடப்பது இதனால்தான். பீல்செபூஃபோவின் முதல் தொகுதி முழுக்க இரண்டாவது வகை.

சில்லுகளிலிருந்து ஒரு தவளை

2008 பிப்ரவரியில், இலண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த சூசன் எவன்ஸும் மார்க் ஜோன்ஸும் கிரவுஸுடன் சேர்ந்து இதற்குப் பெயர் வைத்தார்கள். பேரினப் பெயர் பீல்செபப் என்ற பேய்த்தலைவனையும் தேரையையும் இணைத்தது. அம்பிங்கா என்றால் மலகாசி மொழியில் கேடயம். அதற்குள் பதினைந்து ஆண்டுகளில் 60க்கு மேற்பட்ட துண்டுகள் சேர்ந்திருந்தன.

இவ்வளவு சில்லுகள் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்று எப்படிச் சொல்வது? முதலில், இவை தவளை எலும்புகள்தானா என்பது. தவளையின் கைகால் எலும்புகளில் இது எளிது: முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றாக ஒட்டியிருக்கும், கீழ்க்காலின் இரண்டும் அப்படியே; இடுப்பெலும்பு நீண்ட தண்டாக முன்னோக்கிப் போகும்; வால் பகுதி முள்ளெலும்புகள் ஒரே கோலாக இணைந்திருக்கும். இந்தக் கூட்டு வேறெந்த முதுகெலும்பு விலங்கிலும் வராது. மண்டையோட்டில்தான் சிக்கல். மேல்தாடைத் துண்டின் உட்பக்கத்தில் கிடைமட்டமாக ஒரு விளிம்பு ஓடும். பற்கள் குழிக்குள் அல்லாமல் தாடையின் உட்சுவரில் சாய்ந்து ஒட்டியிருக்கும். முதலையின் பற்கள் தனித்தனிக் குழிகளில் நிற்பதால் அதை இங்கேயே விலக்கிவிடலாம்.

அடுத்தது மேற்பரப்பு. பீல்செபூஃபோவின் மண்டையெலும்புகள் புதிதாகக் கொத்திய அம்மிக்கல்லைப் போல, நெருக்கமான குழிகளும் அவற்றைச் சுற்றி உயர்ந்த வரப்புகளுமாக இருக்கின்றன. தோல் நேரடியாக எலும்போடு ஒட்டி, எலும்பு வெளிப்புறமாகவே தடித்து வளர்ந்த நிலை இது. மிகை எலும்பேற்றம் என்று சொல்லலாம். ஒரே களத்தில், ஒரே மாதிரிக் கொத்துடன், ஒரே அளவு வரம்பில் மேல்தாடை, மூக்கெலும்பு, கன்னத்துச் செதிலெலும்பு, நெற்றி உச்சியெலும்பு எல்லாம் வரும்போது, அவை ஒன்றோடொன்று பொருந்தும் விளிம்புகளைப் பார்த்து ஒரே இனமென்று முடிவுகட்டலாம்.

இங்கே இரண்டு இடங்களில் கை வழுக்கும். இத்தகைய தவளைகளில் கொத்தின் ஆழம் வயதோடு கூடிக்கொண்டே போகும். ஆழக் கொத்தையும் மேலோட்டக் கொத்தையும் பார்த்து இரண்டு இனம் என்று பிரித்தால், தாத்தாவையும் பேரனையும் வேறு இனமாக்கியதாகும். மற்றது எண்ணிக்கை. 60 துண்டு என்றால் 60 தவளை அல்ல. ஒரே பக்கத்தைச் சேர்ந்த ஒரே எலும்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும்: இடது மேல்தாடை ஐந்து இருந்தால் குறைந்தது ஐந்து தவளைகள். அதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியாது.

இவ்வகை எலும்பைக் களத்தில் எடுப்பதும் பொறுமையான வேலை. களி கலந்த மணற்கல் மழையில் ஊறி வெயிலில் காயும்போது எலும்பு நுண்ணிய வெடிப்புகளாகப் பிளந்திருக்கும். துலக்கும்போதே அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 பிசினை நீர்க்க, 5 சதவீதத்துக்கு மிகாமல், சொட்டுச் சொட்டாக ஊட்டுவது வழக்கம். கெட்டியாக ஊற்றினால் பிசின் உள்ளே இறங்காமல் மேலே பளபளப்பாகப் படிந்து, கொத்துக் குழிகளில் மணலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் ஒவ்வொரு குழியாகச் சுரண்ட வேண்டியதுதான். எலும்பு ஈரமாக இருக்கும்போதே ஊற்றினால் வெண்படலம் பூக்கும். ஒட்டுவதற்கு அதே பிசினைக் கெட்டியாகக் கரைத்துக்கொள்கிறார்கள். பின்னால் அசிட்டோனால் கரைத்துப் பிரிக்க முடிவதுதான் இதன் அருமை. சூப்பர் குளூ போட்டு ஒட்டிய துண்டைத் தவறான கோணத்தில் ஒட்டிவிட்டோம் என்று தெரிந்தால் தலையில் கைவைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

42.5 செ.மீ.யிலிருந்து 23.2 செ.மீ.

2008 கட்டுரை உடல் நீளத்தை, அதாவது மூக்கு நுனியிலிருந்து பின்துளை வரை, அதிகபட்சம் 42.5 செ.மீ. என்றும் எடையை நான்கரை கிலோ அளவிலும் மதிப்பிட்டது. இன்று வாழும் மிகப்பெரிய தவளையான ஆப்பிரிக்க கோலியாத் தவளையே 32 செ.மீ. சொச்சம்தான், எடை 3 கிலோவைச் சற்றுத் தாண்டும். ஊடகங்கள் விடுமா? ‘நரகத் தவளை’ பிறந்தது அங்கேதான்.

அந்த 42.5 எப்படி வந்தது என்று பார்த்தால் அதில் மோசடியும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. தலை எலும்பு முழுதாகக் கிடைக்கவில்லை. ஒரு துண்டின் அளவிலிருந்து முழு எலும்பின் அளவு, அதிலிருந்து தலையின் அளவு, அதிலிருந்து உடலின் நீளம் என்று மூன்று படி ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் விகிதத்தைக் கடன் வாங்க வேண்டும். கடன் கொடுத்தது கொம்புத் தவளை. ஒரு படிக்கு 15 சதவீதம் மிகையாகப் போனால் மூன்று படியில் 1.15 × 1.15 × 1.15, அதாவது நீளம் ஒன்றரை மடங்காகிவிடும். எடை நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுவதால் அது மூன்றரை மடங்காகும். சின்னப் பிழைகள் ஒரே திசையில் சாய்ந்தால் போதும், கோலியாத்தை மிஞ்சிய தவளை தயார்.

2008க்குப் பிறகு கிடைத்தவை வேறு தரத்தைச் சேர்ந்தவை: இணைந்த நிலையில் மண்டையோட்டின் பகுதிகள், முதுகெலும்புத் தொடர், பின்னங்கால். இவற்றை மைக்ரோ சிடி ஸ்கேனில் வைத்து எவன்ஸும் ஜோன்ஸும் கிரவுஸும் வேறு இருவரும் 2014 ஜனவரியில் வெளியிட்டார்கள். தலையின் பின் ஓரங்கள் இரண்டு பக்கமும் அகன்ற எலும்பு மடல்களாகப் பின்னோக்கி நீண்டிருந்தன. முதல் மறுகட்டமைப்பில் இப்படி ஒன்று இல்லை. தலையே உடம்பில் பெரும்பங்கு என்றான பிறகு, ஒரு பெரிய மண்டைத்துண்டுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய உடம்பைக் கற்பனை செய்யத் தேவையில்லை. புதிய நீளம் 23.2 செ.மீ. வரை. இன்றைய ஆப்பிரிக்க எருதுத் தவளையின் பெரிய ஆண் இதே அளவுதான்.

பலர் இதை ‘பாதியாகக் குறைந்தது’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எடையைப் போட்டுப் பாருங்கள். 42.5ஐ 23.2ஆல் வகுத்தால் 1.83, அதன் மும்மடி 6.1. உடல்வாகு அதேதான் என்று வைத்துக்கொண்டால் நான்கரை கிலோ தவளை முக்கால் கிலோவுக்கும் குறைந்துவிடுகிறது. நீளம் பாதியானது, எடை ஆறில் ஒரு பங்கானது. பழைய எடையையும் புதிய நீளத்தையும் ஒரே வரியில் போடும் கட்டுரைகள் இன்றும் உலவுகின்றன. அப்படிப்பட்ட தவளை கல்லால் செய்ததாகத்தான் இருக்க வேண்டும்.

ஸ்கேன் வேலையிலும் பொறி உண்டு. எக்ஸ்கதிர் அடர்த்தி வேறுபாட்டைத்தான் படமாக்கும். புதைபடிவ எலும்பும் சுற்றியுள்ள மணற்கல்லும் ஏறத்தாழ ஒரே அடர்த்தியில் இருந்தால், அல்லது இரும்பு ஆக்சைடு எலும்பின் துவாரங்களில் ஊறியிருந்தால், எல்லை மங்கிவிடும். கணினி தானாகப் பிரித்த எல்லையை அப்படியே ஏற்றுக்கொண்டால் எலும்பு தடித்துத் தெரியும் அல்லது ஓட்டை விழும். அடுக்கடுக்காகக் கையால் வரைந்து சரிபார்க்க வேண்டும். ஒரு பக்க எலும்பு மட்டும் கிடைத்தால் அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி மறுபக்கம் வைப்பார்கள். வேறு தவளையின் துண்டைச் சேர்க்கும்போது இரண்டிலும் பொதுவாக உள்ள ஓர் எலும்பை வைத்து அளவைச் சமப்படுத்துவார்கள். மண்ணின் பாரத்தில் நசுங்கிய துண்டைத் திருப்பிப் போட்டால் நசுங்கலும் இரட்டிக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

மண்ணுக்குள் வாழ்க்கை

2014 எலும்புகளில் எனக்கு முக்கியமாகப் படுவது நீளமல்ல. முள்ளெலும்புகளின் முதுகுப்புற முட்கள் மேலே தட்டையாக விரிந்து, தலையைப் போலவே கொத்துப் போட்ட பலகைகளாக இருந்தன. முதுகிலும் ஒரு கவசம். கூடவே, காதுப்பறை இருந்ததற்கான அடையாளம் தெரியவில்லை. ஆய்வாளர்கள் இந்த மூன்றையும், தடித்த தலை, கவச முதுகு, காதுப்பறையின்மை, படிவம் காட்டும் வறண்ட பருவத்தோடு சேர்த்து, இந்தத் தவளை கோடையில் மண்ணுக்குள் புதைந்து கிடந்திருக்கலாம் என்று சொன்னார்கள்.

இந்த வாதம் ஏன் வலுவானது? வறட்சி பற்றிய சான்று தவளையிலிருந்து வரவில்லை. மண்ணிலிருந்தும் எலும்புகள் புதைந்த விதத்திலிருந்தும் தனியாக வருகிறது. இரண்டு தனிச் சாட்சிகள் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. தவிர, இது கொம்புத் தவளையை மட்டும் நம்பி நிற்கவில்லை. உறவில் வெகுதூரத்திலிருக்கும் ஆப்பிரிக்க எருதுத் தவளையும் தடித்த தலையோடு மண்ணுக்குள் போய், உரிந்த தோலையே உறையாகப் போர்த்திக்கொண்டு மாதக்கணக்கில் மழைக்குக் காத்திருக்கிறது. கொம்புத் தவளையும் அதையே செய்கிறது. பீல்செபூஃபோ யாருக்கு உறவாக இருந்தாலும் இந்த முடிவு மாறாது.

கடி

2017இல் கிறிஸ்டஃபர் லாப்பின் தலைமையிலான குழு, எவன்ஸும் ஜோன்ஸும் உட்பட, கிரான்வெல் கொம்புத் தவளைகளின் கடியை அளந்தது. தோல் பொதித்த இரண்டு தகடுகள் கொண்ட விசைமானியைத் தவளை கவ்வும். ஒரே தவளைகள் வளர வளர மீண்டும் மீண்டும் அளந்தார்கள். தலை அகலம் 4.5 செ.மீ. உள்ள தவளை சுமார் 30 நியூட்டன் கடிக்கிறது. அதே கோட்டில் 10 செ.மீ. தலைக்கு ஏறத்தாழ 500 நியூட்டன் வருகிறது. பீல்செபூஃபோவுக்கு 2200 நியூட்டன் வரை என்றார்கள்.

தசையின் குறுக்குவெட்டுப் பரப்புதான் விசையைத் தீர்மானிக்கிறது. வடிவம் மாறாமல் வளர்ந்தால் விசை நீளத்தின் இருமடியில் கூட வேண்டும். 4.5க்கு 30, 10க்கு 500 என்ற இரண்டு எண்களிலிருந்து அடுக்கைக் கணக்கிட்டால் மூன்றரை வருகிறது. அதாவது தலை வளர வளரத் தசை அதைவிட வேகமாகத் தடிக்கிறது. இனி 15 செ.மீ. தலைக்குப் போடுங்கள்: இருமடி என்றால் 330 நியூட்டன், மூன்றரை அடுக்கு என்றால் 2000 நியூட்டன். ஒரே தலை, ஒரே தொடக்கப் புள்ளி, ஆறு மடங்கு வேறுபாடு.

வளரும் ஒரு குட்டியின் வளைகோட்டை எடுத்து, அந்த இனம் ஒருபோதும் எட்டாத அளவுக்கு நீட்டுவது இதில் பலவீனமான கண்ணி. குட்டி முதிரும்வரை தாடைத்தசை வேகமாகப் பெருக்கலாம். அந்த வேகம் பெரிய இனத்திலும் அப்படியே தொடர்ந்ததா என்பதை எலும்பிலிருந்து பார்க்க வழி, தசை ஒட்டியிருந்த தழும்புகளின் பரப்பை நேரடியாக அளப்பதுதான். ஆய்வாளர்கள் 500 முதல் 2200 நியூட்டன் என்று அகன்ற வரம்பாக, பெரிய கொம்புத் தவளைகளையும் பீல்செபூஃபோவையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். தலைப்புச் செய்திகளில் மேல் எல்லை மட்டும் மிஞ்சியது. இந்தத் தவளை வலுவாகக் கடித்தது என்பதை ஏற்கலாம். ஓநாயோடும் புலியோடும் ஒப்பிட்டதை ஒதுக்கிவைக்கலாம்.

டைனோசர் குஞ்சு விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். மேவரானோவின் நீள்கழுத்து டைனோசரான ராப்பெட்டோசாரஸின் சிறு குட்டி ஒன்று 2016இல் விவரிக்கப்பட்டது. பொரித்துச் சில வாரங்களில், 40 கிலோ எடையில் இறந்தது. பொரித்தபோதே சில கிலோ இருந்திருக்கும். முக்கால் கிலோ தவளை அதை விழுங்க முடியாது, பழைய நான்கரை கிலோ தவளையும்தான். சிறிய இறைச்சியுண்ணி டைனோசரின் குஞ்சு என்றால் முடியும். ஆனால் பல்லி, பாம்பு, சிறு பாலூட்டி, இன்னொரு தவளை எல்லாம் அதைவிட எளிதான இரை.

உறவு

2008 கட்டுரையின் உண்மையான வெடி இதுதான். பீல்செபூஃபோ கொம்புத் தவளைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றார்கள். அந்தக் குடும்பம் இன்று தென் அமெரிக்காவில் மட்டும், மூன்று பேரினங்களாக வாழ்கிறது. மடகாஸ்கரோ ஆப்பிரிக்காவிலிருந்து 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது. இந்தியாவும் சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் அதை விட்டு விலகியது. இன்று மடகாஸ்கரில் உள்ள தவளைகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அப்படியானால் இது எந்த வழியாக வந்தது? அண்டார்டிகா வழியாகத் தென் அமெரிக்கா, மடகாஸ்கர், இந்தியா மூன்றுக்கும் கிரெட்டேசியஸின் பிற்பகுதி வரை தரைத்தொடர்பு நீடித்தது என்ற சர்ச்சைக்குரிய கருத்துக்கு இது சான்றாக நிறுத்தப்பட்டது.

நிலவியல் பக்கம் அந்தப் பாலம் ஆட்டம் கண்டிருக்கிறது. கடலடியில் உள்ள கன்னரஸ் மேடு வழியாக நிலம் தொடர்ந்திருக்கலாம் என்ற யோசனையை 2011இல் ஜேசன் அலியும் கிரவுஸும் சேர்ந்தே மறுத்தார்கள். தன் தவளைக்கு வசதியான பாதைகளில் ஒன்றைத் தானே அடைத்துவிட்ட கிரவுஸின் நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

மரபணுப் பக்கம் சிக்கல் இன்னும் கூர்மையானது. 2017இல் வெளிவந்த விரிவான மரபணு ஆய்வு ஒன்று, இன்றுள்ள தவளைகளில் சுமார் 88 சதவீதத்தை உள்ளடக்கும் மூன்று பெருங்கிளைகள் டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எல்லையை ஒட்டித்தான் கிளைவிட்டன என்றது. கொம்புத் தவளைகள் அவற்றுள் ஒன்றான ஹைலாய்டுகளைச் சேர்ந்தவை. பெருங்கிளையே அப்போதுதான் விரிந்தது என்றால், அதன் ஒரு குடும்பம் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மடகாஸ்கரில் எப்படி இருக்கும்? சாரா ருவேனும் உடன் ஆய்வாளர்களும் 2011லேயே இந்த முரண்பாட்டைச் சோதித்தார்கள். பீல்செபூஃபோவை இன்றைய கொம்புத் தவளைகளுக்குள் வைத்துக் காலத்தைக் கணித்தால் மற்றக் கணிப்புகளோடு ஒத்துப்போகவில்லை. அதை அந்தக் குடும்பத்துக்குள் வைத்து, மரபணு மாற்றங்களை எண்ணிக் காலம் கணிக்கும் மரபணுக் கடிகாரத்துக்கு அளவு குறிப்பது சரியல்ல என்றார்கள்.

2014 குழு எலும்பையும் மரபணுவையும் சேர்த்து மீண்டும் ஆய்ந்தது. அப்போதும் பீல்செபூஃபோ ஹைலாய்டுகளுக்குள், கொம்புத் தவளைகளோடுதான் சேர்ந்தது. இந்த இடம் புவியியலுக்கும் மரபணுக் காலத்துக்கும் தொடர்ந்து இடைஞ்சலாக இருக்கிறது என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள்.

நம் சந்தேகம் கணினி நிரலின் மீதல்ல, அதற்குள் போடும் பண்புகளின் மீது. கொம்புத் தவளையோடு இதை இணைக்கும் பண்புகள் எவை? கொத்துப் போட்ட தடித்த மண்டை, கன்னத்தெலும்பு மேலே நீண்டு நெற்றியெலும்பைத் தொடுவது, அகன்ற தலை, கோரைப்பல் போன்ற ஒற்றைமுனைப் பற்கள். பெரும்பாலான தவளைகளில் பல்லின் தலைக்கும் அடிக்கும் நடுவே சுண்ணமேறாத மெல்லிய வளையம் இருக்கும். கொம்புத் தவளையில் அது இல்லை, பல் ஒரே துண்டு. இவை ஒவ்வொன்றையும் தனிப் பண்பாகப் பட்டியலில் ஏற்றினால் உறவுக்குப் பத்து வாக்கு விழும். ஆனால் எல்லாம் ஒரே காரணத்தின் விளைவாக இருக்கலாம்: பெரிய இரையைக் கவ்விப் பிடிக்கும் வாழ்க்கை. அப்போது பத்து வாக்கும் ஒரே ஆள் போட்டதாகிவிடும்.

இது வெறும் ஐயமல்ல. 2020இல் டேனியல் பாலுவும் உடன் ஆய்வாளர்களும் எல்லாத் தவளைக் குடும்பங்களிலிருந்தும் 158 இனங்களின் மண்டையோடுகளை ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள். மிகை எலும்பேற்றம் 25 முறைக்கு மேல் தனித்தனியே தோன்றியிருக்கிறது. முதுகெலும்பு விலங்குகளைத் தின்பதோடும், தலையைக் கதவாக வைத்து வளையை அடைப்பதோடும் அது தொடர்புடையது.

கூடவே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. பிரான்சின் குவெர்சி பாஸ்பேட் படிவங்களில் கிடைத்த இயோசீன் காலத் தவளை தௌமாஸ்டோசாரஸ். இதற்கும் தடித்த, கொத்துப் போட்ட தலை. இதையும் தென் அமெரிக்கத் தவளைகளோடு உறவாக்கியிருந்தார்கள். 2013இல் ‘மம்மி’யாகப் பதப்பட்ட ஒரு மாதிரியை மைக்ரோ சிடியில் வைத்தபோது உள்ளே எலும்புக்கூடு அப்படியே தெரிந்தது. அதன் உண்மையான இடம் ரானாய்டுகள் என்ற வேறொரு கிளையில், ஆப்பிரிக்க எருதுத் தவளையின் பக்கம். அந்தக் கட்டுரையிலும் சூசன் எவன்ஸ் ஓர் ஆசிரியர். பிரேசிலின் பௌருபட்ராகஸ் கதையும் இதே போக்குதான்: 1989இல் பெயரிட்டபோது கொம்புத் தவளைகளோடு வைத்தார்கள், 2018இல் வந்த மறு ஆய்வு, ஒப்புமைகளில் பல தனித்தனியே தோன்றியவை என்ற சிக்கலையே மையமாக எடுத்துக்கொண்டது.

தென் அமெரிக்காவிலேயே கொம்புத் தவளைகளின் உறுதியான புதைபடிவங்கள் மயோசீன் காலத்துக்கு முந்தையவை அல்ல. நடுவே ஐந்து கோடி ஆண்டுக்கு மேல் வெற்றிடம். ஆகவே பீல்செபூஃபோவைக் கொம்புத் தவளைக் குடும்பத்தின் உறுப்பினராக எழுதுவதைவிட, அவற்றைப் போன்ற தலையை வளர்த்துக்கொண்ட, இடம் முடிவாகாத கிரெட்டேசியஸ் தவளை என்று எழுதுவதே பாதுகாப்பு. இந்தத் தீர்ப்பை மாற்ற வேண்டுமானால், கடியோடும் கவசத்தோடும் சம்பந்தமில்லாத எலும்புகள் வேண்டும்: இடுப்பெலும்பின் மூட்டுப்பகுதி, இடுப்போடு இணையும் முள்ளெலும்பான திருவெலும்புக்கும் வால்கோலுக்கும் இடையேயான இணைப்பு, தோள்வளையம். கடி வலுத்தாலும் மாறாத இத்தகைய இடங்களில் ஒற்றுமை தெரிந்தால் அது கனமான சாட்சி.

கல்லமேடு

நிலத்தொடர்பு வாதம் இந்த ஒரு தவளையை நம்பி நிற்கவில்லை, அதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு படிவம் மேவரானோவின் சமகாலத்தது. அங்கே கிடைத்து 2001இல் பெயரிடப்பட்ட கூர்மடெமிஸ் என்ற ஆமைக்கு மிக நெருங்கிய உறவு, மேவரானோவில் கிடைத்து 2009இல் பெயரிடப்பட்ட கின்கோனிகெலிஸ். 2013இல் குண்டுபள்ளி பிரசாத்தும் உடன் ஆய்வாளர்களும் கல்லமேட்டிலிருந்து சிமோசூகஸை ஒத்த முதலையின் எச்சத்தையும் பதிவு செய்தார்கள். இவை இந்தியாவும் மடகாஸ்கரும் ஒன்றாக இருந்த காலத்தின் மிச்சமாகவும் இருக்கலாம் என்பதால் தென் அமெரிக்கப் பாலத்தைத் தாமாக நிரூபிக்கா. ஆனால் பீல்செபூஃபோவின் கிளை பழைய இந்திய-மடகாஸ்கர் நிலத்திலேயே இருந்தது என்றால், அதன் சில்லு கல்லமேட்டுச் சல்லடையிலும் விழ வாய்ப்புண்டு.

அங்கே களிமண்ணை ஊறவைத்துச் சலிப்பவர்கள் அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையோடு ஒரு பெரிய கண் சல்லடையையும் மேலே வைத்துக்கொள்வது நல்லது. தடித்த மண்டைத்துண்டுகள் சிறு தவளை எலும்புகளைப் போல அடியில் தங்காது, மேல் சல்லடையில் ‘முதலைச் சில்லு’க் குவியலுக்குள் போய்விடும். அந்தக் குவியலைத் தூக்கி வைக்கும் முன், குழிக்கொத்து உள்ள ஒவ்வொரு துண்டின் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். உட்பக்கம் வழவழப்பாக இருந்து, ஓரத்தில் கிடைமட்ட விளிம்பும் அதன் கீழே சுவரில் சாய்ந்த பல்லடிகளின் வரிசையும் தெரிந்தால் அதைத் தனிக் குப்பியில் போடவும். தனித்தனிக் குழிகளில் பல் நின்றிருந்தால் முதலை. வெளிப்பக்கம் இனாமல் போல மினுங்கினால் மீன் செதில்.